இடது பின்சக்கரத்தில் ஒரு தகரம்

எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "உங்க சர்வீசுல பெரிய பெரிய கேசெல்லாம் வந்திருக்குமில்லீங்க, அதுல ஒண்ண எழுதுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். இப்போது லாரி பட்டறைக்கு வந்து நின்றதும் முதலில் கம்ப்யூட்டரை மாட்டுகிறார்கள். எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று அது திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. அதில் வேலை பழகியவர்களுக்கு, நாங்கள் வெறும் கையையும் காதையும் வைத்துக்கொண்டு என்னதான் செய்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசையாம். நியாயமான ஆசைதான். ஆனால் நான் எழுதப்போவது லாரி சமாச்சாரம் இல்லை. ஓய்வுபெற்று மூன்று வருடம் கழித்து, ஜலகண்டாபுரத்தில் ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்த பழைய அம்பாசிடர் காரின் பின் பிரேக் வேலை. "இதைப் போயா பெரிய கேஸ் என்கிறார் இந்த ஆள்" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் மல்லசமுத்திரத்துக்காரன். பெயர் குப்புசாமி. எட்டாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதும் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று வருடம் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்களைக் கழுவினேன். இரண்டு வருடம் டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்குக்கு ரிவெட் அடித்தேன். பிறகு முப்பத்தெட்டு வருடம் பிரேக் வேலை மட்டும்தான் பார்த்தேன். இஞ்சின்காரர்களுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை. இஞ்சின் ஓடினால் பாராட்டுவார்கள். பிரேக் பிடித்தால் யார் பாராட்டுகிறார்கள்? பிடிக்காவிட்டால்தான் நம் பெயரே வெளியே வரும்.

எங்கள் போர்மேன் சடையப்பண்ணன். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. பிரேக் வேலை முடிந்த லாரியை டிரைவர் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்ததும், இவர் தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் கழுவுவார். துண்டில் ஈரம் போகத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் லாரிக்குக் கீழே குனிந்து, புறங்கையால் ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டுப் பார்ப்பார். எல்லா டிரம்மும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று கூடச் சுட்டால் அது விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். ஒன்று குளிர்ந்திருந்தால் அது வேலைக்கே வரவில்லை. கையை ஏன் கழுவ வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "அழுக்குக் கைக்குச் சூடு தெரியாது" என்றார். அந்த மாதம் என்னிடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இன்னொரு வழக்கமும் அவர் ஏற்படுத்தியதுதான். பிரேக் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. நாம் கழற்றி மாட்டும் பாகத்தில் அந்த அடையாளத்தைப் பஞ்ச் உளியால் குத்த வேண்டும். ஒருவனுக்கு ஒற்றைக் கோடு, ஒருவனுக்குப் பெருக்கல் குறி. எனக்கு மூன்று புள்ளி, முக்கோணமாக. வேலை கெட்டுத் திரும்பி வந்தால் சடையப்பண்ணன் திட்டமாட்டார். அந்தப் பாகத்தை எடுத்து, அடையாளம் மேலே தெரியும்படி மேஜை நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பட்டறையே ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்க்கும்.

ஒருமுறை கொல்லிமலையிலிருந்து அன்னாசிப்பழ லோடு ஏற்றி இறங்கிய லாரி ஒன்று பின் டிரம் புகைந்துகொண்டு வந்து நின்றது. பிரித்தால் என் மூன்று புள்ளி. லைனிங்கை டிரம்மோடு நெருக்கும் அட்ஜஸ்டரை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருந்தேன். சடையப்பண்ணன் டீ குடித்துவிட்டு வந்து, "உன்னுதா?" என்றார். "என்னுதுங்க" என்றேன். "சரி, பிரி" என்றார். அவ்வளவுதான் விசாரணை. ஆனால் இரண்டு வாரத்துக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி வளர்ந்தவர்களுக்கு மண்டையில் ஒரே ஒரு பாடம்தான் ஆழமாக ஏறியிருக்கும். ஆடுவதை இறுக்கு. லாரியில் பத்து டன்னைத் தூக்கிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும்போது, ஆடுகிற நட்டு கழன்று விழும், ஆடுகிற பைப் அறுந்துபோகும். அதனால் எதையாவது தொட்டு அது ஆடினால் எங்கள் கை தானாக ஸ்பானரைத் தேடும்.

ஜலகண்டாபுரத்துக்கு வருகிறேன். அங்கே மாதப்பண்ணன் என்று ஒருவர், தறிப்பட்டறை வைத்திருந்தவர். வயது எழுபத்து நான்கு. அவருடைய துணி லோடுகள் எங்கள் பட்டறை முதலாளியின் லாரிகளில்தான் போகும். அந்தப் பழக்கத்தில், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் முதலாளி என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய அம்பாசிடரில் இடது பின்சக்கரத்துப் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தது. கார் வேலை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் அரை நாளில் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்தேன். என்ன செய்தேன் என்பது நாளடைவில் மறந்துபோனது. அன்றைக்குப் போட்ட சாப்பாடு மட்டும் நினைவிருந்தது. மாதப்பண்ணன் மறக்கவில்லை. "குப்புசாமி கை வெச்சான்னா அப்பறம் சத்தமே இருக்காது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் எனக்கு வந்த வேலைகளும் உண்டு.

போன வருடம் அவருடைய மனைவி சரோஜாக்கா போன் செய்தார். காரை விற்றுவிட்டார்களாம். பழைய கார் வாங்கிச் சேர்க்கிற ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வியாழக்கிழமை வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவாராம். ஆனால் இரண்டு வருடமாக நிற்கிற கார், தள்ளினால் நகர மறுக்கிறது. பின்சக்கரம் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன.

"ரெண்டு வருசமா ஏனுங்கக்கா நிறுத்திப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நேருல வாங்க தம்பி, சொல்றேன்" என்றார்.

திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தறிகளெல்லாம் விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி நின்றது கார். மாதப்பண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிப்பிடிக்கிற மனிதர். அன்றைக்கு "வா குப்புசாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டார். சரோஜாக்கா டீ கொண்டுவந்தார். வலது கையால் கொடுத்தார். இடது கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார்.

கொட்டகைக்குள் வந்த பிறகு அவரே தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் மேட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். தூறல். குறுக்கே ஒரு மொபெட் வந்தது. இவர் பிரேக்கை மிதிக்க, காரின் பின்பக்கம் சுழன்று இடதுபுறம் ஒரு புளியமரத்தில் போய் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது சரோஜாக்கா. தோள் எலும்பும் கையும் முறிந்து, கம்பி வைத்தார்கள். சேலத்தில் வேலையில் இருக்கும் மகன் வந்து, "வயசாயிடுச்சுங்கப்பா, பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பீங்க" என்று சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஊரும் அதையே சொன்னது. கடைசியில் மாதப்பண்ணனும் அதையே நம்பிவிட்டார்.

"நா பக்கத்துலதான உக்காந்திருந்தேன்? இவரு பிரேக்கத்தான் மிதிச்சாரு, நா பாத்தேன். சொன்னா, 'நீ என்னைய காப்பாத்தப் பேசாத'ங்கறாரு. அன்னைலருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்லீங்க தம்பி. கடைக்குப் போறதில்ல, யாரு ஊட்டுக்கும் போறதில்ல. இந்த நாக்காலியிலயே கெடக்கறாரு."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் வந்தது பிரேக்கை விடுவிக்க. வேலையைப் பார்த்தேன்.

துருப்பிடித்து இறுகிய பின் பிரேக்கோடு சண்டை போடக் கூடாது. அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைக் கொடுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்கிறவன் முட்டாள். சக்கரத்தைக் கழற்றியதும் உட்பக்கத் தட்டில் சதுரத் தலையோடு ஒரு போல்ட் தெரியும். அதுதான் அட்ஜஸ்டர். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயும் இஞ்சின் ஆயிலும் கலந்து நனைத்த துணியைச் சுற்றி வைத்தேன். இரண்டு பக்கமும் அப்படியே செய்துவிட்டு அன்றைக்குக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போல்ட்டில் ஸ்பானரைப் போட்டேன். முதலில் கழற்றும் பக்கம் திருப்பக் கூடாது. மயிரிழை இறுக்கி, பிறகு கழற்ற வேண்டும். அப்போதுதான் துரு உடையும். வலது பக்கம் ஒரு முனகலோடு வழிவிட்டது. டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். வந்துவிட்டது. இடது பக்கம் மதியம் வரை அசையவில்லை. ஈரத்துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, தட்டி, ஓய்ந்து, டீ குடித்து, மறுபடி தட்டி, ஒரு வழியாக டிரம் கையோடு வந்தது.

உள்ளே பார்த்ததும் விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க இரண்டு லைனிங் உண்டு. வலது சக்கரத்தில் இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தன. இடதில் ஒன்று ரிவெட் வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்து, டிரம்மையே கீறி வைத்திருந்தது. இன்னொன்று கடையில் வாங்கியதுபோல் அப்படியே இருந்தது. அந்த லைனிங் பல வருடமாக வேலையே செய்யவில்லை.

லைனிங்கைத் தள்ளுகிற சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் எண்ணெய் விட்டதும் அது தட்டில் உள்ள தன் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்தது. இடது பக்கம் கல் மாதிரி நின்றது. சுரண்டிப் பார்த்தேன். சிலிண்டருக்கும் தட்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றை மடித்துச் செருகியிருந்தார்கள். குறட்டால் பிடித்து இழுத்தேன். எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய ஒரு துண்டுத் தகரம். துருவைத் துணியால் துடைத்தேன்.

மூன்று புள்ளி. முக்கோணமாக.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே கொட்டகையில் இந்தச் சிலிண்டரைத் தொட்டேன். ஆடியது. ஓகோ, சத்தம் இங்கிருந்துதான் வருகிறது என்று தகரத்தை வெட்டி, அடையாளம் குத்தி, செருகி இறுக்கினேன். சத்தம் நின்றது. பெருமையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

சேலத்தில் கார் வேலை மட்டுமே பார்க்கிற நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். யாருடைய கார் என்று சொல்லவில்லை. இந்த மாதிரி சிலிண்டர் ஆடலாமா என்று மட்டும் கேட்டேன்.

"ஆடலாமாவா? ஆடியே ஆகோணும்" என்று சிரித்தார். "அதுல பிஸ்டன் ஒரு பக்கந்தான் இருக்குது. அது ஒரு லைனிங்கத் தள்ளும். அந்த வேகத்துல சிலிண்டரு பின்னால நகந்து அடுத்த லைனிங்கத் தள்ளும். எவனாச்சும் அத இறுக்கி வெச்சிருந்தான்னா ஒத்தக் கால்ல நொண்டற மாதிரிதான். ஒரு நாளைக்குப் புடிக்கும், ஒரு நாளைக்குப் புடிக்காது, மழையில புடிச்சா உடாது. எந்த லாரிக்காரன் பண்ணுன வேல?"

"யாரோ பண்ணியிருக்கறாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தகரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது எழுதக் கூச்சமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். கார் வியாழக்கிழமை போய்விடும். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? அந்த விபத்து இதனால்தான் நடந்தது என்று நிச்சயமாக யாரால் சொல்ல முடியும்? தூறல் வேறு இருந்தது. டயர் எப்படி இருந்ததோ. இப்படி எனக்கு நானே வக்கீலாகி, சேலத்துக்குப் போய், கீறல் விழுந்த டிரம்மைக் கடைசல் போட்டு, சிலிண்டருக்கு ரப்பர் கிட்டும் லைனிங்கும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்தத் தகரம் சட்டைக்குள் குத்தியது. எடுத்து வேறு பையில் போடவும் மனம் வரவில்லை.

புதன்கிழமை காலையிலேயே போனேன். பள்ளத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, சிலிண்டர் விரல் பட்டாலே நகரும்படி மாட்டினேன். லைனிங், ஸ்பிரிங், கடைசல் போட்டு வந்த டிரம் எல்லாம் ஏறின. மிச்சம் இருந்தது பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மேலே இருப்பவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மாதப்பண்ணனிடம் போனேன். "அண்ணா, அஞ்சு நிமிசம் வந்து பிரேக்க மிதிச்சுக் குடுங்க."

அவர் தலையை ஆட்டினார். "வேற ஆளக் கூப்புட்டுக்க."

"சும்மா நிக்கற வண்டிதானுங்கண்ணா. மிதிச்சாப் போதும்."

"எங்காலு ஆகாது குப்புசாமி. சொன்னாக் கேளு." தன் வலது காலை வெறுப்போடு பார்த்தார். "இந்தக் காலாலதான் அவ கைய ஒடச்சேன். இத நம்பி நீ வண்டிக்குக் கீழ படுக்காத."

சரோஜாக்கா கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தகரத்தை எடுத்து மாதப்பண்ணன் மடியில் வைத்தேன். அடையாளம் மேலே தெரியும்படிதான் வைத்தேன். சடையப்பண்ணன் அப்படி வைத்துத்தான் பார்த்துப் பழகியிருந்தேன்.

"இது உங்க இடது பின்சக்கரத்துல இருந்துச்சுங்கண்ணா. பதினெட்டு வருசத்துக்கு முந்தி நாந்தான் வெச்சேன். அந்த மூணு புள்ளி எம்பட அடையாளம். ஆட வேண்டிய சாமானத்த ஆடக்கூடாதுன்னு இறுக்கிப்போட்டேன். அந்தச் சக்கரத்துல அன்னைலருந்து பாதி பிரேக்குத்தான். எல்லாமே இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு பக்கம் முழுசாவும் ஒரு பக்கம் பாதியாவும் புடிக்கறப்ப, தூறல்ல நீங்க அழுத்தி மிதிச்சா வண்டி சுத்தத்தான் செய்யும். யாரு மிதிச்சிருந்தாலும் சுத்தியிருக்கும்."

அவர் தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப நா பிரேக்கத்தான் மிதிச்சேனா?" என்று கேட்டார்.

"பிரேக்கத்தானுங்கண்ணா மிதிச்சிருப்பீங்க. ஆக்சிலேட்டர மிதிச்சிருந்தா வண்டி நேரா முன்னால போயிருக்கும். சுத்தியிருக்காது."

"இத்தன வருசமா ஊரெல்லாம் உன்னையப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டிருந்தேனேடா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியத்தோடு சொன்னார்.

அதற்குள் சரோஜாக்கா முன்னால் வந்துவிட்டார். என்னை நேராகப் பார்த்து, "அப்ப எங்கைய ஒடச்சது நீங்கதானுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்கக்கா" என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ டிரைவர்கள், முதலாளிகள் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறேன். அந்த அம்மா முன்னால் நின்றதுபோல் எங்கேயும் நின்றதில்லை.

அவர் என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசமாத் தலபாடா அடிச்சுக்கிட்டேன், நீங்க பிரேக்கத்தான் மிதிச்சீங்கன்னு. பக்கத்துல உக்காந்து பாத்த பொண்டாட்டி சொன்னா நம்பமாட்டீங்க. மெக்கானிக்கு வந்து தகரத்தக் காட்டுனா நம்புவீங்களா?" கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். மாதப்பண்ணன் எழுந்து கொட்டகைக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

நான் காருக்குக் கீழே படுத்தேன். "மிதிங்கண்ணா. புடிச்சுக்குங்க. ஆச்சு, உடுங்க." நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. முதலில் கால் நடுங்குவது பெடலின் ஓசையிலேயே தெரிந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு நடுக்கம் நின்றது. நான் சொல்லும் வரை ஒருமுறைகூட அவர் காலைத் தளர்த்தவில்லை. கடைசிக் குமிழ் வந்து, வெறும் பிரேக் ஆயிலாக வடிந்ததும், "போதுமுங்க" என்றேன்.

சக்கரங்களை மாட்டிக் கட்டைகளை உருவினேன். பாட்டரியை மாற்றி, வண்டியை விற்றதால் மகன் கொடுத்தனுப்பியிருந்த சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சோதித்துப் பார்க்க நான்தான் ஓட்டுவதாக இருந்தது. அவர் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். சரோஜாக்கா ஒரு கணம் நின்றார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையால் இடது முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

கார் மெதுவாகத் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. விற்றாகிவிட்ட கார்தான், மறுநாள் போகப்போகிற கார்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஆளில்லாத இடத்தில், "இப்ப அழுத்தி மிதிங்கண்ணா" என்றேன். மிதித்தார். கார் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாதப்பண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"கை ரொம்ப வலிக்குதா சரோஜா?" என்றார்.

"வலிக்குதுங்க" என்றார் அக்கா. "ரெண்டு வருசமா வலிக்குதுங்க."